ராஜா சாப்பிட்ட ஹாட் டாக்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, கான்கிரீட்டைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "வேண்டாம்ப்பா, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது" என்று பதில் வந்தது. ஆகவே தொழிலை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த சரித்திரத்துக்கு வந்துவிட்டேன்.

நம் கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சீஃப் கெஸ்ட் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு ஏறும். வருஷம் பூரா எரியாத டியூப்லைட் அன்றைக்குப் பளிச்சென்று எரியும். அவர் வந்து, மாலை வாங்கிக்கொண்டு, பேசிவிட்டுப் போவார். அவர் வந்ததால் என்ன ஆயிற்று என்று மறுநாள் யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. ஒரு நாட்டின் ராஜா இன்னொரு நாட்டுக்கு அரசு முறைப் பயணமாகப் போகும்போதும் எனக்கு இதே சந்தேகம்தான் வரும். பீரங்கி முழக்கம், விருந்து, கைகுலுக்கல் எல்லாம் சரி. அதனால் காரியம் எதாவது நடக்கிறதா?

இந்தச் சந்தேகத்தோடு நான் படித்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 1939 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் ராணி எலிசபெத்தும் அமெரிக்கா போன கதை. (இந்த எலிசபெத் அம்மா. 2022 வரை ராணியாக இருந்தவர் இவருடைய மகள். 1939-ல் அந்தப் பெண்ணுக்கு வயது 13.)

பதவியில் இருக்கும் ஒரு பிரிட்டிஷ் மன்னர் அமெரிக்க மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. 1776-ல் அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்து பிரிந்து போனார்கள். 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்கே தீ வைத்தது. பிறகு சண்டை ஓய்ந்து, வியாபாரம் வளர்ந்து, முதல் உலகப் போரில் ஒரே பக்கம் நின்று போரிட்டும் ஆயிற்று. ஆனாலும் ராஜா மட்டும் போனதில்லை. 163 வருஷம்!

போனதற்குக் காரணம் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். 1938 செப்டம்பர் 15-ந் தேதி பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் விமானம் ஏறி ஹிட்லரைப் பார்க்கப் போனார். அதற்கு இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 17-ந் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆறாம் ஜார்ஜுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் கனடாவுக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன், அப்படியே எங்கள் பக்கமும் வாருங்கள், ஹைட் பார்க்கில் என் வீட்டில் தடபுடல் இல்லாமல் கிராமத்து வாழ்க்கை சில நாள் வாழலாம் என்று அழைப்பு. பக்கத்து ஊர் சம்பந்தியைக் கூப்பிடுகிற மாதிரி.

ஆனால் ரூஸ்வெல்ட்டின் நிலைமை சங்கடமானது. ஐரோப்பாவில் போர் வந்தால் பிரிட்டன் தனித்து நின்று தாங்காது, அது விழுந்தால் அடுத்தது நாம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய ஜனங்களுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதல் உலகப் போரில் லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பையன்கள் செத்தார்கள். அந்தப் போருக்காகப் பிரிட்டன் வாங்கிய கடனோ 1934-லிருந்து கட்டப்படாமல் நின்றது. "போன தடவை உயிரும் கொடுத்தோம், பணமும் கொடுத்தோம், இரண்டும் திரும்பி வரவில்லை" என்பது அங்கே தெருவில் பேசப்பட்ட நியாயம். 1935 முதல் வரிசையாக நடுநிலைச் சட்டங்கள் வந்தன. போரிடும் எந்த நாட்டுக்கும் அமெரிக்கா ஆயுதம் விற்கக் கூடாது. சண்டையை ஆரம்பித்தவன் யார், அடி வாங்குகிறவன் யார் என்கிற பேச்சே சட்டத்தில் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் ராஜாவை வரவழைப்பது கத்தி மேல் நடக்கிற வேலை. பிரிட்டிஷ்காரன் நம்மை மறுபடி போரில் இழுத்துவிடத் தூண்டில் போடுகிறான் என்று யாராவது கிளப்பிவிட்டால் போச்சு. அதனால் லண்டனிலிருந்து வெளியுறவு அமைச்சர் கூட வரவில்லை. கனடாப் பிரதமர் மெக்கன்ஸி கிங்தான் மன்னரோடு வந்த ஒரே அமைச்சர். ஒப்பந்தம் கிடையாது, கூட்டறிக்கை கிடையாது. காகிதத்தில் பார்த்தால் இது வெறும் உல்லாசப் பயணம்.

1939 மே 6-ந் தேதி கப்பல் புறப்பட்டது. முதலில் 'ரிபல்ஸ்' என்ற போர்க்கப்பலில் போவதாகத்தான் ஏற்பாடு. எந்த நேரமும் போர் மூளலாம், நல்ல போர்க்கப்பலை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று சொல்லி, 'எம்ப்ரஸ் ஆப் ஆஸ்திரேலியா' என்ற பயணிகள் கப்பலில் ஏற்றினார்கள். ரிபல்ஸ் பாதி வழி துணைக்கு வந்துவிட்டுத் திரும்பியது. பனிமூட்டமும் பனிக்கட்டிப் பாறைகளும் குறுக்கிட்டு, கப்பல் இரண்டு நாள் தாமதமாக மே 17-ல் கியூபெக் போய்ச் சேர்ந்தது. கனடாவை ரயிலில் சுற்றிவிட்டு, ஜூன் 7-ந் தேதி இரவு நயாகரா வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள்.

இதற்கிடையில் வெள்ளை மாளிகையில் நடந்த அமர்க்களம் இருக்கிறதே, நம் ஊர் மாப்பிள்ளை அழைப்பு தோற்றுவிடும். முந்தின வருஷம் ஜூலையில் இதே தம்பதி பாரிஸ் போயிருந்தார்கள். (அப்போதுதான் ராணியின் தாயார் காலமாகியிருந்தார். துக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்று முழுக்க முழுக்க வெள்ளை உடையில் போய் பாரிஸையே மயக்கினார் ராணி. துக்கத்துக்கு வெள்ளை என்பது நமக்குப் புதிதில்லை!) அந்த அனுபவத்தை வைத்து, பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர், மன்னர் தம்பதிக்கு அறையில் என்னென்ன வேண்டும் என்று நீளமாக ஒரு ஜாபிதா அனுப்பினார். அதில் ஒன்று, படுக்கையில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை. வாஷிங்டனின் ஜூன் மாதம் நம் சித்திரைக்குச் சளைத்ததல்ல. திருமதி எலினார் ரூஸ்வெல்ட் அதைப் படித்துவிட்டு எப்படித் திகைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டிஷ் தூதரகத்தின் தோட்ட விருந்துக்கு எல்லாக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அழைப்புப் போகவில்லை என்று பெரிய ரகளையே நடந்தது. கல்யாணப் பத்திரிகை விட்டுப்போன பங்காளியின் கோபம் உலகம் பூரா ஒன்றுதான் போலிருக்கிறது.

ஜூன் 8-ந் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் இருவரும் சந்தித்தார்கள். அந்தக் காட்சியில் எனக்கு நெகிழ்ச்சியான விஷயம் ஒன்று உண்டு. 57 வயது ரூஸ்வெல்ட்டுக்கு 1921-லேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்துவிட்டன. காலில் இரும்புப் பட்டைகளைப் பூட்டிக்கொண்டு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நிற்க முடியும். 43 வயது ஜார்ஜுக்குத் திக்குவாய். அண்ணன் எட்டாவது எட்வர்ட் 1936-ல் காதலுக்காக முடியைத் துறந்ததால் வேண்டா வெறுப்பாகச் சிம்மாசனம் ஏறியவர் அவர். நிற்க முடியாத ஜனாதிபதியும் சரளமாகப் பேச முடியாத ராஜாவும். இரண்டு பேருமே அதை வெளியே காட்டாமல் ஆயிரம் பேர் நடுவில் நின்று பழகியவர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அன்றிரவு வெள்ளை மாளிகை விருந்துக்குப் பிறகு பாட்டுக் கச்சேரி. பாடியவர்களில் ஒருவர் மரியன் ஆண்டர்ஸன் என்ற கறுப்பினப் பாடகி. நிறத்தைக் காரணம் காட்டி அதே ஊரின் பெரிய அரங்கம் ஒன்று அந்த வருஷம்தான் அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அந்த அரங்கத்தை நடத்திய சங்கத்திலிருந்து எலினார் ராஜினாமா செய்தார். ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில் ஜனசமுத்திரத்தின் முன்னால் பாடினார் ஆண்டர்ஸன். இரண்டே மாதத்தில் அவரை ராஜா முன்னால் பாட வைத்தார்கள். விருந்தாளிக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்ன சேதி அது.

மறுநாள் மவுன்ட் வெர்னான். மூன்றாம் ஜார்ஜின் படையைத் தோற்கடித்த ஜார்ஜ் வாஷிங்டனின் சமாதியில், அந்த மூன்றாம் ஜார்ஜின் வம்சத்தில் வந்தவர் மலர்வளையம் வைத்தார். வேலையில்லா இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் ஏற்படுத்தியிருந்த முகாம் ஒன்றையும் பார்த்தார்கள். அங்கே ராஜா பையன்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாராம். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. இளவரசராக இருந்த காலத்தில், பெரிய இடத்துப் பள்ளிப் பையன்கள் 200 பேரையும் தொழிற்சாலைப் பையன்கள் 200 பேரையும் சேர்த்து வருஷா வருஷம் கடலோரத்தில் முகாம் நடத்தியவர் அவர். தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றியதால் வீட்டில் அவருக்கு 'ஃபோர்மேன்' என்று பட்டப்பெயர் கூட உண்டு. மெக்கானிக்கல் நண்பர்கள் சந்தோஷப்படலாம்.

ஜூன் 10-ந் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சி. கூட்டத்தில் சிக்கி, ஹைட் பார்க் வீட்டுக்கு ஏகத் தாமதமாகச் சாயங்காலம் வந்தார்கள். ரூஸ்வெல்ட் காக்டெயில் தட்டோடு காத்திருந்தார். "உங்களுக்கு டீதான் கொடுக்க வேண்டும் என்கிறார் என் அம்மா. அவருக்குக் காக்டெயில் பிடிக்காது" என்றாராம். "என் அம்மாவுக்கும் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே ராஜா கிளாஸை எடுத்துக்கொண்டாராம். சாப்பாட்டு நடுவில் பரிமாறும் மேஜை ஒன்று பாத்திரங்களோடு சரிந்தது. பிறகு ஒரு பணியாள் பானத் தட்டோடு படியில் தடுக்கி விழுந்தார். இதையெல்லாம் எலினாரே பத்திரிகையில் எழுதிவிட்டார்.

மறுநாள் ஜூன் 11, ஞாயிறு. காலையில் சர்ச். மதியம் 'டாப் காட்டேஜ்' என்ற சின்ன வீட்டில் பிக்னிக். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் டிகிரிக்கு அவமானம். ரூஸ்வெல்ட் தானே வரைந்து கொடுத்த பிளான் அது. சக்கர நாற்காலி தடங்கலில்லாமல் உருள, உள்ளே வாசற்படித் தடுப்பு கிடையாது. அந்த வராந்தாவில்தான் சரித்திரப் பிரசித்தி பெற்ற ஹாட் டாக் பரிமாறப்பட்டது. பன்னுக்கு நடுவில் வேகவைத்த இறைச்சிக் குழல், கடுகுச் சாந்து. நம்ம ஊர் பொட்டிக்கடை பரோட்டா மாதிரி அங்கே தெருச் சாப்பாடு. ராஜாவுக்குப் போய் இதையா கொடுப்பது, நாட்டின் மானம் என்ன ஆவது என்று கடிதங்கள் வந்தன. மாமியார் சாரா அம்மையாருக்கும் ஒப்புதல் இல்லை. எலினார் கேட்கவில்லை. ராஜா சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பீரும் குடித்தார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அதுதான் செய்தி.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, பயணத்தின் முக்கியமான நேரம் அதற்கு முந்தின ராத்திரி. விருந்து முடிந்த பிறகு ரூஸ்வெல்ட், ராஜா, மெக்கன்ஸி கிங் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ரூஸ்வெல்ட் ராஜாவின் முழங்காலில் தட்டி, தம்பி, தூங்கப் போகும் நேரமாச்சு என்கிற பாணியில் சொன்னதாகச் சொல்வார்கள். ராஜா அறைக்குப் போய், பேசியதையெல்லாம் குறிப்பு எழுதி வைத்தார். மேற்கிந்தியத் தீவுகளிலும் பெர்முடாவிலும் அமெரிக்காவுக்குக் கடற்படைத் தளங்கள் வேண்டும் என்று ரூஸ்வெல்ட் சொன்னது அதில் இருக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டால் உடனே மூழ்கடிப்பேன், பின்விளைவை அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னதும் இருக்கிறது. இன்னொரு வரியும் உண்டு: லண்டன் மீது குண்டு விழுந்தால் அமெரிக்கா போரில் இறங்கும்.

ராஜா அந்தக் குறிப்பைப் போர் முழுக்கத் தன் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

சைட்டில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். "கவலையே படாதீங்க சார், நம்ம வேலை மாதிரி நினைச்சுக்குங்க" என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதெல்லாம் காலையில் பர்ச்சேஸ் ஆர்டரில் வருவதில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஆள். இங்கே அந்த ஆள் அமெரிக்கக் காங்கிரஸ். ஹாட் டாக் சாப்பிட்டுச் சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 11-ந் தேதி, ஆயுதத் தடையைத் தளர்த்தும் யோசனை செனட் வெளியுறவுக் குழு முன் வந்தது. 12-க்கு 11 என்று ஒரே ஓட்டில் அதைத் தள்ளிப்போட்டார்கள். அவ்வளவு வரவேற்பு, அவ்வளவு கைதட்டல், கடைசியில் ஒரு ஓட்டு குறைந்துவிட்டது. செப்டம்பர் 3-ந் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. அதன் பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. அதுவும் ரொக்கம் கொடு, உன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போ என்ற நிபந்தனையோடு.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. டெஸ்ட்ராயர் கப்பல்கள் கேட்டுச் சர்ச்சில் மன்றாடினார். ராஜாவும் தன் பங்குக்கு ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 2-ந் தேதி ஒப்பந்தம் முடிந்தது. முதல் உலகப் போர்க் காலத்து ஓட்டைக் கப்பல் 50. பல கப்பல்களை மாதக்கணக்கில் ரிப்பேர் பார்த்த பிறகே கடலில் விட முடிந்தது. பதிலுக்கு நியூபவுண்ட்லாந்து முதல் பிரிட்டிஷ் கயானா வரை தளங்களுக்கு 99 வருஷக் குத்தகை. ஹைட் பார்க் ராத்திரியில் பேசிய அதே தளங்கள். அந்தத் தீவுகளின் ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

நம்மையும் யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஜார்ஜ்தான் அப்போது நமக்கும் சக்கரவர்த்தி. நம் தாத்தாக்கள் வைத்திருந்த ஓரணா, ரெண்டணாக் காசில் தலை அவருடையதுதான். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ ஒரு இந்தியத் தலைவரையும் கலக்காமல் இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். 25 லட்சம் இந்தியர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கடலில் சந்தித்து, தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்று சாசனம் எழுதினார்கள். அடுத்த மாதமே, அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று சர்ச்சில் பார்லிமெண்டில் விளக்கம் கொடுத்தார். ஹைட் பார்க் வராந்தாவில் பேசிய ஜனநாயகம் சூயஸ் தாண்டி வரவில்லை.

லண்டன் மீது 1940 செப்டம்பர் 7-லிருந்து குண்டுமழை. 13-ந் தேதி ராஜாவும் ராணியும் உள்ளே இருக்கும்போதே பக்கிங்ஹாம் அரண்மனை மேல் குண்டு விழுந்தது. குறிப்பில் எழுதியிருந்தபடி அமெரிக்கா வரவில்லை. அதன் பிறகு 15 மாதம் கழித்து, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பிறகுதான் வந்தது. துணைக்கு வந்த அந்த ரிபல்ஸ் கப்பல், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு மூன்றாம் நாள், 1941 டிசம்பர் 10-ல் மலாயாக் கடலில் மூழ்கியது.

அப்படியானால் பயணம் வீணா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. 1939-க்கு முன் சாதாரண அமெரிக்கனுக்குப் பிரிட்டிஷ் ராஜா என்றால் பாடப் புத்தகத்து வில்லன், மூன்றாம் ஜார்ஜ். ஜூன் மாதத்துக்குப் பிறகு, வெயிலில் வியர்த்து, கூச்சத்தோடு சிரித்து, பன்னைக் கையில் பிடித்துச் சாப்பிட்ட ஒரு மனுஷன். அடுத்த வருஷம் அரண்மனையில் குண்டு விழுந்த படம் பேப்பரில் வந்தபோது, அது தெரிந்தவர் வீடு. 1941 மார்ச்சில் பணம் வாங்காமலே தளவாடம் தரும் லெண்ட்-லீஸ் சட்டம் நிறைவேறியதற்கு ஆயிரம் காரணம் உண்டு. இதுவும் அதில் ஒரு சின்னக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நட்பு வேறு, கணக்கு வேறு. போர் முடிந்து 1945-ல் பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது.

ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜும் மறுபடி சந்திக்கவே இல்லை. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் போய்விட்டார். பதில் மரியாதை மட்டும் நடந்தது. 1942 அக்டோபரில் எலினார் லண்டன் போய்ப் பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கினார். ராணி தன் சொந்தப் படுக்கை அறையையே விட்டுக்கொடுத்தார். குண்டு அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் போய்விட்டிருந்தது. பெரிய பெரிய அறைகள், எலும்பு வரை ஏறும் குளிர். சாப்பாடு தங்கத் தட்டிலும் வெள்ளித் தட்டிலும் வந்தது. தட்டில் இருந்தது ஊரில் எல்லோருக்கும் கிடைத்த ரேஷன் சாப்பாடு. குளியல் தொட்டிக்குள் ஒரு கோடு வரைந்திருந்தார்கள். வெந்நீர் அதற்கு மேல் போகக் கூடாது. அடியிலிருந்து ஐந்து அங்குலம்.